குழந்தையின் மூளையில் ரோபோ பயாப்ஸி: கேள்வி-பதில்

ரோபோவே ஆபரேஷன் செய்யுமா? டாக்டர் பக்கத்தில் இருப்பாரா? (ஒரு தாய், திண்டுக்கல்)

டாக்டர்தான் செய்கிறார், அம்மா. பயாப்ஸி என்றால் ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்குத் திசு எடுத்துப் பரிசோதிப்பது. ஊசிக்கு வழிகாட்டும் குழாயை, ஸ்கேனில் குறித்த கோணத்தில் அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே ரோபோவின் வேலை. எலும்பில் 3 மி.மீ. துளை போடுவதும் ஊசியை இறக்குவதும் சர்ஜன். இது அவ்வளவு புதுசும் இல்லை. 1985-லேயே அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை ரோபோவின் கையை வைத்து மூளை பயாப்ஸிக்குக் குறி பிடித்தார்கள்.

ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே?

அது அபூர்வத்திலும் அபூர்வம். கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவு. அதற்காகத்தான் ரத்தக்குழாய்கள் தெரியும்படி ஸ்கேன் எடுத்து, அவற்றை விலக்கி ஊசிக்கு வழி போடுகிறார்கள்.

மகளுக்கு 8 வயது. மொட்டை அடித்துவிடுவார்களோ என்று அழுகிறாள்.

மொட்டை தேவையில்லை. ஊசி நுழையும் இடத்தில் கொஞ்சம் மழித்தால் போதும். தையலும் ஒன்றோ இரண்டோதான். தலையை அசையாமல் பிடிக்கும் பின்கள் பட்ட இடத்தில் சிறு புள்ளிகள் இருக்கும், ஆறிவிடும். முந்தின நாள் சர்ஜனிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு 6 வயது. மூளைத்தண்டில், அதன் நடுப்பகுதியான பான்ஸில் கட்டி. பயாப்ஸி இல்லாமலே ரேடியேஷன் தொடங்கலாம் என்கிறார்கள். சரியா?

படம் தெளிவாக இருந்தால் அது தவறில்லை. சில வாரங்களுக்குள் மாறுகண், வாய் கோணல், நடையில் தள்ளாட்டம், எம்.ஆர்.ஐ.யில் பான்ஸ் முழுக்க வீக்கம் என்று வந்தால், பல ஆண்டுகளாக ஸ்கேனை வைத்தே ஆறு வாரம் ரேடியேஷன் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த அடையாளங்களிலிருந்து சற்று மாறினாலும் திசு பார்க்காமல் தொடங்க விடாதீர்கள்.

பழகிய கைகளில் மூளைத்தண்டு பயாப்ஸி முன்போல் பயப்படும் விஷயம் இல்லை. நூற்றில் 95 பேருக்காவது விடை கிடைக்கிறது. சில குழந்தைகளுக்குப் புதிதாக முகத்திலோ கையிலோ பலவீனம் வரலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். உயிருக்கு ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கிடைக்கும் திசுவில் எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்து, சிகிச்சைக்குப் பிறகும் கட்டி வளர்ந்தால் கொடுக்க டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு 2025-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. சிலருக்குக் கட்டி சுருங்குகிறது. குணமாக்கிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பழைய ஃப்ரேம்தான் (தலையில் மாட்டி ஊசிக்குக் குறி பிடிக்கும் உலோகச் சட்டம்). ரோபோ 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. ரோபோவுக்கே போகட்டுமா?

எல்லாரும் மெஷினைப் பற்றியே கேட்கிறீர்கள். எடுத்த திசு எங்கே போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

குறி பிடிப்பதில் ஃப்ரேமும் ரோபோவும் ஏறக்குறைய சமம். இரண்டிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகலாம். மண்டை எலும்பு மெல்லிசாக இருக்கும் சின்னக் குழந்தைக்கு ஃப்ரேம் மாட்டுவது சிரமம், அங்கே ரோபோ கை கொடுக்கும். நேரமும் மிச்சம். அவ்வளவுதான்.

ஊசியில் வருவது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், நூல் மாதிரி ஒரு துணுக்கு. அதில் கடுகளவு கிள்ளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நசுக்கி, கட்டியைத்தான் தொட்டோமா என்று தியேட்டரில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். மிச்சத்தைச் சிக்கனமாக வெட்ட வேண்டும். என்னிடம் வந்த ஒரு குழந்தைக்கு அருமையாக பயாப்ஸி செய்திருந்தார்கள். வழக்கமான சாயப் பரிசோதனைகளுக்கே திசுவை முழுக்க வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மரபணுப் பரிசோதனைக்குப் பிளாக்கில் (திசுவைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டி) ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஊசி. இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தால் மாத்திரையாலேயே கட்டுக்குள் வரக்கூடிய கட்டிகள் இருக்கின்றன. தெரியாவிட்டால் அந்த வழியே அடைபடுகிறது.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: குழந்தைகளின் மூளைக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பரிசோதிக்கும் டாக்டர்) யார்? மரபணுப் பரிசோதனைக்குத் திசு ஒதுக்குவீர்களா? இரண்டுக்கும் நேரான பதில் தருகிற இடம் உங்கள் ஊர் ஃப்ரேம் ஆஸ்பத்திரியாக இருந்தால், அங்கேயே செய்யுங்கள். அப்புறம், ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள்.

என்.எஃப்.1 (நரம்புகளில் கட்டிகள் வரவைக்கும் மரபணு நோய்) உள்ள குழந்தை. பார்வை நரம்பில் கட்டி. பயாப்ஸி வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். ஸ்கேனே போதும். கண் டாக்டரிடம் தவறாமல் காட்டுங்கள்.

ஸ்கேன் போட்டோ அனுப்பியிருக்கிறேன். மாத்திரை கொடுத்ததும் சரியாகிவிட்டான், அதனால் நிறுத்திவிட்டோம். பயாப்ஸி இனி தேவையா?

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த ஒரு ஃபிலிமின் படம். பிள்ளையின் வயது இல்லை, மாத்திரையின் பெயர் இல்லை. இதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருந்தால், குறைந்தது கட்டியைச் சுற்றியிருந்த வீக்கம். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும், உடம்பும் தாங்காது. படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி. இன்றே அவருக்குப் போன் செய்யுங்கள். அவன் வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, போன் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்கு. பயாப்ஸி செய்தால், பிளாக்கைப் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும்தான்.