சிப்பிப்பாறையைச் சில வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் இருக்கிறோம். நாட்டு நாய்களை மீட்கும் குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். கைவிடப்பட்ட சிப்பிப்பாறை ஒன்றை, நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். எங்களிடம் கோழிகளும் ஆடுகளும் உண்டு. சுற்றிலும் ஓலை வேலிதான். இந்த இன நாயை நான் வளர்த்ததில்லை. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அந்த வேலியை நம்ப வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னி என்ற இனமும் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். தலைமுறை தலைமுறையாக முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. எதிரே ஒன்று ஓடினால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. ஓலை வேலியைத் தாண்டிவிடும், இல்லையென்றால் பிரித்துக்கொண்டு போய்விடும். மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலை உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆறடி உயரத்தில், மேலேயும் மூடிய கம்பி வலைக் கூண்டு வேண்டும். அல்லது கதவடைக்கக்கூடிய ஓர் அறை. கோழிகள் அதன் கண்ணில் படாமல் இருப்பது இன்னும் நல்லது. பழகிவிட்டது என்று நம்பி ஒரு நாள்கூட ஒன்றாக விடாதீர்கள்.

கழுத்துப் பட்டை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இந்த நாயின் தலை குறுகலானது, பின்னுக்கு இழுத்தால் சாதாரணப் பட்டை கழன்று கையோடு வந்துவிடும். இழுக்கும்போது அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். கூடவே மார்புப் பட்டையும் போட்டு, கயிற்றை இரண்டிலும் மாட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் உங்கள் பகுதி நாய்களோடு சேர்க்க வேண்டாம். நாய்களுக்கு ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தட்டு, சாக்கு எல்லாம் தனி. விலா எலும்பு தெரிகிறதே என்று பதறி நிறையச் சோறு போடாதீர்கள். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி நின்றால்தான் பட்டினி கிடந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகத் தின்றால் ரத்தத்தில் தாது உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். உண்ணி இருந்தால் ஈறுகளைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

கருத்தடை அறுவைக்குப் போகும்போது, இது வேட்டை நாய் இனம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் இதைப் போன்ற கிரேஹவுண்ட் வகை நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய அதிக நேரம் எடுக்கும்.

அப்புறம், கடற்கரை. மண்டபம், பாம்பன் கரைகளில் வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன் கிடக்கும். அதில் பேத்தை (உடம்பை ஊதிக்கொள்ளும் மீன்) இருந்தால் நஞ்சு, காய்ந்தாலும் நஞ்சுதான். தூண்டில் முள்ளும் அறுந்த தங்கூசியும் (தூண்டில் நைலான் இழை) மீன் வாடையோடு இருப்பதால் நாய் விழுங்கிவிடும். வாயிலோ பின்பக்கமோ இழை தொங்கினால் இழுக்கவே கூடாது, உள்ளே குடலை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம். நடக்க விடுவது விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும். பகலில் மணல் பாதத்தைச் சுட்டுவிடும்.

உங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். நாய்களோடு பழகுகிறவர்கள் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால் 0, 7, 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று ஊசி. கடி பட்டாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே போட்டவர்களுக்கு அன்றும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் என இரண்டு ஊசி போதும்.

சோறும் தண்ணீரும் யாரும் வைப்பார்கள். இந்த நாய் எப்படிப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும், குழு அதற்காகத்தான் உங்களிடம் விடுகிறது. குழந்தைகளைக் கண்டால் எப்படி, சோற்றுத் தட்டருகே கை வைத்தால் உறுமுகிறதா, தனியாக விட்டால் ஊளையிடுகிறதா, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். பாவம், யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று எதையும் மறைத்துவிடாதீர்கள். மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வரும், இல்லை மறுபடி தெருவில் விடப்படும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

வேட்டைக்கு ஆகுமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கையோடு மறுத்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வேட்டைக்குக் கொண்டுபோய், ஓட முடியாமல் போனதும் கழித்துவிடப்பட்ட நாய்கள்தான் நம்மிடம் வருகின்றன.

நாய் வருவதற்கு முன்பே குழுவிடம் இரண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மருத்துவச் செலவு யாருடையது, வீடு கிடைக்காவிட்டால் எந்தத் தேதியில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பழைய உரிமையாளர் இருந்தால் அவர் ஒப்படைத்த கடிதத்தின் நகலும் வேண்டும், நாளைக்கு நாய் என்னுடையது என்று வந்து நிற்கக்கூடும்.

கூண்டு போட இப்போது வசதியில்லை என்றால் தயங்காமல் மறுத்துவிட்டு வேறு வேலை கேளுங்கள். ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் நாய் கேட்கிறவர்களின் வீட்டை நேரில் பார்த்து, சுவரையும் கதவையும் படமெடுத்து அனுப்ப உள்ளூர் ஆள் கிடைத்தால் குழுவுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.