பதில்: முதியோர் இல்லத்தில் ஆட்டுத் திருநாள், என்ன செய்யலாம்?

வணக்கம் சகோ. கடலூரில் நீங்க வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில், மாட்டுப் பொங்கலன்று ஆடு வளர்த்த பரம்பரையைக் கொண்டாடணும், கம்பளி நூற்றுக் காட்டலாமா, பாதிப் பேர் சக்கர நாற்காலியில் இருக்காங்களேன்னு கேட்டிருக்கீங்க.

நூற்பு வேண்டாம். நம்ம பக்கத்து ஆடு மெட்ராஸ் சிவப்புன்னு சொல்ற செம்மறி இனம். கறிக்கும் எருவுக்கும் வளர்த்தது, அதன் உடம்பில் கத்தரிக்கக் கம்பளியே கிடையாது.

கிடையைப் பிடிச்சுக்கோங்க. அறுப்பு முடிஞ்ச வயலில் எருவுக்காக ராத்திரி ஆடுகளைப் பட்டி அடைச்சு, மறுநாள் படலை (தடுப்புத் தட்டியை) அடுத்த துண்டுக்கு நகர்த்துவாங்களே, அதுதான். முற்றத்தில் நாலு மூங்கில் படல் சாத்தி வெச்சாலே பேச்சு தானா வரும். "ஆட்டு எரு அவ்வருஷம்..." என்று நீங்க நிறுத்துங்க. "மாட்டு எரு மறுவருஷம்" என்று அவங்களே முடிப்பாங்க.

அடுத்தது பல் பார்க்கிறது. எங்க ஆயா கடைசிக் காலத்தில் எங்க யாரையும் அடையாளம் தெரியாம இருந்தாங்க. மடியில் குட்டியை வெச்சதும் கட்டைவிரலால் அதன் கீழுதட்டை இறக்கிப் பார்த்து, "இன்னும் பால் பல்லுதான்" என்றாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வரவழைச்சு, பெரியவங்களையே கத்துக்கொடுக்கச் சொல்லுங்க: முன்னால் 2 பெரிய பல் முளைச்சிருந்தா ஒரு வயசு தாண்டியது, 8 பல்லும் முளைச்சிருந்தா ஏறக்குறைய 4 வயசு.

சினை ஆடும், புதுசா ஈன்ற ஆடும் வேண்டாம், நோய் தொத்தலாம். 2 மாசக் குட்டியைத் தாயோடு கொண்டு வாங்க, பிரிச்சா கத்தித் தீர்த்திடும். தொட்ட எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவின பிறகுதான் பொங்கல் பரிமாறணும்.