குதிரையின் காலைத் தடவிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாகக் குதிரை வளர்க்கிறேன். தினமும் காலைப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பதில்: பார்ப்பதை விடத் தடவுவது முக்கியம். மயிர் மறைக்கும் வீக்கம் கைக்குத் தப்பாது. காலையில் வெளியே விடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஓடிவிட்டு வந்த கால் எப்படியும் சூடாகத்தான் இருக்கும்.

குதிரையின் தோளருகே நின்று, முழங்காலிலிருந்து உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்குங்கள். காலின் பின்புறம் கயிறுபோல் ஓடும் தசைநாண்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தபடி கணு வரை, அதாவது குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் மூட்டு வரை வாருங்கள். விளிம்பு கத்தரித்தாற்போல், இறுக்கமாக இருக்க வேண்டும். நடுவில் கொழகொழவென்று இருந்தாலோ, வில்போல் புடைத்திருந்தாலோ, தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்தாலோ அன்று சவாரி கிடையாது. அடுத்து அதே காலைத் தூக்கி மடக்கி, இன்னொரு முறை தடவுங்கள். எடை இறங்கியதும் தசைநாண் தளரும். ஊன்றி நிற்கும்போது பிடிபடாத வலி அப்போது பிடிபடும்.

இடது காலில் கண்டதை உடனே வலது காலில் சரிபாருங்கள். ஜோடிக் காலோடு ஒப்பிடாமல் சூடு, வீக்கம் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். இரண்டு கணுவிலும் ஒரே அளவில், குளிர்ந்து, வலியில்லாமல் இருக்கும் மெத்தென்ற புடைப்பு பெரும்பாலும் பழைய உழைப்பின் அடையாளம். ஒரு கணுவில் மட்டும் புதிதாக, சூடாக வந்தால் அது வேறு கதை.

கேள்வி: காலில் நாடி பார்க்கலாமாமே?

பதில்: கட்டாயம் பாருங்கள். கணுவின் பின்பக்கம், உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு எலும்பு மேடு இருக்கும். அதன்மேல் இரண்டு விரல்களை லேசாக வைத்தால் மெல்லிய கயிறு ஒன்று உருளும். அதுதான் இடம். அழுத்திப் பிடித்தால் நாடி நின்றுவிடும். கட்டைவிரலை வைத்தால் உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. ஆனால் இங்கே எண்ணிக்கையை விடத் துடிப்பின் பலம்தான் பேசும். நலமான காலில் நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். விரலை வைத்ததுமே தட்டினால் குளம்புக்குள் அழற்சி. ஒரு காலில் மட்டும் தட்டினால் சீழோ அடியோ என்று யோசிக்கலாம். இரண்டு முன்னங்கால்களிலும் தட்டினால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடலைப் பின்னே சாய்த்து நிற்கிறது. திரும்பவே தயங்குகிறது.

பதில்: குளம்பழற்சியாக இருக்கலாம். மருத்துவரை இன்றே வரவழையுங்கள். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு வீங்கித் தளர்கிறது. மோசமானால் எலும்பு இடம் மாறி அடித்தட்டை நோக்கி இறங்கும். “கொஞ்சம் நடக்கவிட்டால் சரியாகும்” என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். நடக்கிற ஒவ்வொரு அடியும் அந்தப் பிணைப்பைக் கிழிக்கும். தானியத்தை நிறுத்துங்கள், தரையில் மெத்தென்று ஆழமாகப் படுக்கை பரப்புங்கள். ஆரம்ப நிலையென்றால், மருத்துவர் வரும்வரை கணுவுக்கு மேல் வரை ஐஸ் தண்ணீரில் கால்களை வைத்திருக்கலாம்.

முன்பே வந்துபோனதா என்று குளம்பு காட்டிக்கொடுக்கும். சுவரில் வளையங்கள் முன்பக்கம் நெருங்கி, குதிகால் பக்கம் விரிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மயிர் முடியும் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே வளையம் இருந்தால், தொல்லை மூன்று முதல் ஐந்து மாதம் முன்பு நடந்தது.

கேள்வி: குளம்பின் அடியில் கறுப்பாக ஏதோ கசிகிறது. நாற்றம் தாங்கவில்லை.

பதில்: அடியில் உள்ள முக்கோண மெத்தைப் பகுதி அழுகுகிறது. காற்றுப் புகாத இடுக்கில், ஈரமும் சாணமும் சேர்ந்தால் வரும். கொக்கியால் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் கொக்கி மெத்தையில் குத்தும். பக்கப் பள்ளங்களோடு நடுப்பள்ளத்தையும் பாருங்கள். நலமான குளம்பில் நடுப்பள்ளம் ஆழமில்லாத குழிவாக இருக்கும். கொக்கி முனை உள்ளே போய், குதிரையும் துள்ளினால் அழுகல் ஆழமாகிவிட்டது. செத்த பகுதியை லாடம் கட்டுபவரோ மருத்துவரோ செதுக்க வேண்டும். தரை ஈரமாகவே இருந்தால் எந்த மருந்தும் நிற்காது.

கேள்வி: நேற்று ஓடிய குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே மறுக்கிறது. எலும்பு முறிவா?

பதில்: முறிவும் இருக்கலாம், அதனால் நடக்கவிடாதீர்கள். ஆனால் இப்படித் திடீரென்று வரும் நொண்டலுக்குக் குளம்புக்குள் சீழ் கட்டுவதே அடிக்கடி காரணம். கெட்டியான சுவருக்குள் சீழ் விரிய இடமில்லை. வலி அதனால்தான் அவ்வளவு. அடியைக் கழுவிப் பாருங்கள். ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். அது போன திசையும் ஆழமும் எக்ஸ்ரேயில் தெரிந்தாக வேண்டும்; பிடுங்கியதும் துளை மூடிக்கொள்ளும். ஆணி மேலும் ஏறாமல், சுற்றிலும் தடித்த துணி வைத்துக் கட்டுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் தொற்றும்.

கேள்வி: காலையில் பின்னங்கால்கள் இரண்டும் வீங்கியிருக்கின்றன.

பதில்: இரவெல்லாம் லாயத்தில் நின்றதால் இருக்கும். பத்து இருபது நிமிடம் நடத்துங்கள், வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, விரல் பதித்த குழி அப்படியே நின்று, உடல் வெப்பமும் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நடத்த வேண்டாம். தோலுக்கடியில் தொற்று பரவியிருக்கலாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.