‘பழைய டெஸ்ஸாவ்காரர்’ என்று அழைக்கப்பட்டவர் யார்? ஆட்சியாளரா, தளபதியா?

இரண்டும்தான். அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் என்ற சின்ன ஜெர்மன் சிற்றரசின் இளவரசர் முதலாம் லியோபோல்ட் (1676–1747). சொந்த நாடு சிறியது என்பதால், பெயர் வாங்கியதெல்லாம் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் அரசின் படையில்தான். 1704 பிளென்ஹைம், 1706 டூரின் போர்களில் பிரஷ்யக் காலாட்படையை நடத்தினார்.

ஆனால் அவருடைய உண்மையான சாதனை பயிற்சி மைதானத்தில் இருக்கிறது என்பேன். துப்பாக்கிக் குழலில் மருந்தைக் கெட்டிக்கும் கோல் அதுவரை மரத்தால் ஆனது, அவசரத்தில் ஒடிந்துவிடும். அதை இரும்பாக்கினார். சுடும் வேகம் கூடியது. அப்புறம், எல்லோரும் ஒரே தாளத்தில் கால் வைக்கும் நடையையும் பழக்கினார். பின்னால் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் பெற்ற வெற்றிகளுக்கு இதுவே அடித்தளம்.

முரட்டு மனிதர், ஆனால் காதலில் உறுதி. தாயின் எதிர்ப்பை மீறி, மருந்துக்கடைக்காரர் மகள் அன்னா லூயிசாவை 1698இல் மணந்தார். அந்தக் காலத்தில் இது பெரிய விவகாரம்! 1701இல் புனித ரோமானியப் பேரரசரே அன்னாவுக்கு இளவரசிப் பட்டம் கொடுத்தார். கணவர் போருக்குப் போனபோது நாட்டைப் பார்த்துக்கொண்டவரும் அவரே.

கடைசி வெற்றி 1745 டிசம்பரில், டிரெஸ்டன் அருகே கெசெல்ஸ்டார்ஃபில் சாக்சனிப் படைக்கு எதிராக. வயது 69. “கடவுளே, எனக்கு உதவாவிட்டாலும் பரவாயில்லை, அந்த அயோக்கியர்களுக்கு மட்டும் உதவிவிடாதே” என்று போருக்கு முன் வேண்டினார் என்று ஒரு கதை உண்டு.