கணினி கேள்வி-பதில்: ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் குடியேற்ற முயன்று, பாதியில் சிக்கிக்கொண்டவர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கே: விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் உபுண்டு 24.04 நிறுவப் பார்க்கிறேன். பென்டிரைவிலிருந்து நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எந்த டிஸ்க்கில் நிறுவ என்று கேட்கும் இடத்தில் 512 ஜிபி எஸ்எஸ்டி காணவே இல்லை. கெட்டுவிட்டதா? (வாசகர், திருப்பூர்)

ப: விண்டோஸ் அதிலிருந்துதானே ஓடுகிறது? எஸ்எஸ்டிக்கு ஒன்றுமில்லை. இன்டெல் சிப் உள்ள பல லேப்டாப்புகளில், பயாஸில் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) டிஸ்க்கைக் கையாளும் அமைப்பு 'ஆர்எஸ்டி', 'ரெய்டு' அல்லது 'விஎம்டி' என்று இருக்கும். அந்த முறையில் உபுண்டு நிறுவிக்கு டிஸ்க் தெரியாமல் போவதுண்டு. 'ஏஹெச்சிஐ' என்ற பொதுவான டிஸ்க் முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸிடம் முன்கூட்டியே சொல்லாமல் மாற்றினால் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வந்து நிற்கும்.

முதல் வேலை, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். ஹோம் பதிப்பிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அது உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் பாருங்கள். இயங்கினால் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, என்கிரிப்ஷனை நிறுத்துங்கள். பூட்டு முழுவதும் கழலும்வரை காத்திருங்கள். பயாஸில் கை வைத்த பிறகு அந்தக் கீயைக் கேட்டு, அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்து விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, 'பூட்' பக்கத்தில் 'சேஃப் பூட் – மினிமல்' டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். எழும்போதே பயாஸுக்குள் நுழையுங்கள் (ஹெச்பியில் எஃப்10, டெல், ஏசர், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்2). ஏஹெச்சிஐக்கு மாற்றி, சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். அங்கே பின் எண்ணை ஏற்காமல் போகலாம், பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும். திரும்ப எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. சில ஏசர் மாடல்களில் விஎம்டி வரியே கண்ணில் படாது. பயாஸின் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

ஏற்கெனவே அவசரப்பட்டு மாற்றி நீலத்திரை பார்த்தவர்கள் பதற வேண்டாம். பழைய அமைப்புக்கே திருப்பினால் விண்டோஸ் எழுந்துவிடும்.

கே: சி டிரைவில் 250 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால் 9 ஜிபிக்கு மேல் பிரித்துத் தர மாட்டேன் என்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

ப: காலி இடம் இருக்கிறது, ஆனால் நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அப்பால் உள்ள இடத்தை மட்டுமே விண்டோஸ் வெட்டிக் கொடுக்கும். வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள். பெரும்பாலும் பல மடங்கு கிடைக்கும். அப்படியும் நகரவில்லை என்றால் 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'அப்ளிகேஷன்' பதிவில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்தக் கோப்பு வழிமறிக்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும்.

உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்பார்கள், 50 கொடுங்கள். கட்டத்தில் மெகாபைட்டில் கேட்கும், 51200 என்று அடிக்க வேண்டும். பிரித்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் 'அன்அலோகேட்டட்' ஆகவே விடுங்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் நான்கு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனித்தனிப் பகுதிகள்) ஏற்கெனவே இருந்தால், ஐந்தாவதை உருவாக்கும்போது 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உபுண்டு நிறுவிக்கு அந்த டிஸ்க்கைக் கையாளத் தெரியாது.

கே: உபுண்டுவில் விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடுகிறது, எழுத விடவில்லை. ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் வந்தேன். (வாசகர், தஞ்சாவூர்)

ப: ஷட்டவுன் செய்ததுதான் சிக்கலே! 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கம் போடும். அந்த நிலையில் வேறொருவர் டிரைவில் எழுதினால் கோப்பமைப்பு குலைந்துவிடும் என்று உபுண்டு ஒதுங்கிக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து எழும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அது திரும்ப முளைத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கே: உபுண்டு போய் வந்தால் விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: மதர்போர்டு கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்புகிறது. இலங்கை நேரமும் இந்திய நேரமும் அந்தப் பொது நேரத்தைவிட 5:30 மணி முன்னால். உபுண்டு டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கட்டளை கொடுங்கள். கோடைக்கு ஒருமுறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இது தொல்லை தரும், நமக்கு அந்தக் கவலை இல்லை.

கே: நிறுவல் வெற்றி என்றது. ரீஸ்டார்ட் செய்தால் மெனுவே வராமல் நேரே விண்டோஸ் எழுகிறது. (வாசகி, சேலம்)

ப: எழும்போது பூட் மெனு கீயை அழுத்துங்கள் (ஹெச்பி எஃப்9, டெல், லெனோவோ எஃப்12). பட்டியலில் உபுண்டு இருந்தால் பயாஸில் வரிசையை மாற்றினால் போதும். ஹெச்பியில் 'ஓஎஸ் பூட் மேனேஜர்' வரியில் என்டர் தட்டினால்தான் உள்வரிசை திறக்கும்.

பட்டியலில் இல்லை என்றால், பென்டிரைவை 'லெகசி' என்ற பழைய பூட் முறையில் எழுப்பி நிறுவியிருப்பீர்கள். விண்டோஸில் 'எம்எஸ்இன்ஃபோ32' திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால் பென்டிரைவையும் அதே முறையில் எழுப்பி, மீண்டும் நிறுவுவதே சுருக்கு வழி.

தலைகீழாக, மெனு வந்து அதில் விண்டோஸ் இல்லாமல் போனால், அந்த மெனுவைக் காட்டும் 'கிரப்' மென்பொருளில் 2.06 பதிப்பு முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக நிறுத்தப்பட்டிருப்பதுதான் காரணம். கிரப் அமைப்புக் கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரிக்கு முன்னுள்ள # குறியை நீக்கி, மதிப்பு 'ஃபால்ஸ்' என்று இருப்பதை உறுதி செய்து, 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள்.

கே: உபுண்டு வேண்டாமென்று விண்டோஸிலிருந்தே அந்தப் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது கறுப்புத் திரையில் 'கிரப்' என்று மட்டும் வருகிறது. (வாசகர், நாகர்கோவில்)

ப: வீட்டை இடித்துவிட்டீர்கள், வாசற்காவலர் மட்டும் நிற்கிறார். பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் எழும். பிறகு பயாஸில் அதையே முதலாவதாக வையுங்கள். பழைய லெகசி கணினி என்றால் விண்டோஸ் பென்டிரைவால் எழுப்பி, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பூட்ரெக்' கட்டளையோடு 'ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுக்க வேண்டும். மிச்சம் மீதியைத் துடைக்கிறேன் என்று 100 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் எழுவதும் அதை நம்பித்தான்.