ஜீனில் வேலை செய்யும் மாத்திரை ஜீனையே மாற்றிவிடுமா?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு வயது 54. தேவகோட்டைப் பக்கம் ஊர். ஓலைக் கொட்டான் முடைவார்கள். ஆறேழு மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை, சரியாக ஒரு மணி நேரம் ஆகிறது. விரல் கணுக்களில் வீக்கம். ருமடாய்டு முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட்டும் தினமும் ப்ரெட்னிசோலோனும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார்கள், நன்றாகக் கேட்கிறது. ஆனால், "எதிர்ப்புச் சக்தி ஜீன்கள் அடங்காமல் வேலை செய்கின்றன, இந்த மாத்திரை அதை அடக்கும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். ஜீனில் வேலை செய்யும் மருந்து ஜீனையே மாற்றிவிடாதா? எங்கள் ஆயாவுக்கும் விரல் கோணலாக இருந்தது. எனக்கும் தங்கைக்கும் வருமா? மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளும், முன்பு சந்தையில் வாங்கிய மூட்டுவலிப் பொடியும் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே ஆத்தாவின் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ப்ரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசோலுக்கு நெருங்கிய உறவு. வாரக்கணக்கில் மாத்திரை எடுத்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல் என்று ஆபத்தில் முடியலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். மாத்திரை ஜீனை மாற்றாது. ஜீன் என்பது டிஎன்ஏ-வில் எழுதியிருக்கும், புரதம் செய்வதற்கான குறிப்பு. அதில் எழுதியிருப்பது ஒன்று, எந்த ஜீன் எப்போது வாசிக்கப்படுகிறது என்பது வேறு. மருந்து தொடுவது இரண்டாவதை மட்டும்தான். உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அத்தனையும் இருந்தாலும், கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி என்றால்தானே எல்லாக் கதவும் திறக்கும்? செல்லும் அப்படித்தான். தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஒவ்வொன்றிலும் பல ஜீன்கள் மூடியே கிடக்கும். கிருமி நுழைந்தாலோ காயம் பட்டாலோ அழற்சிக்கான ஜீன்கள் சில நிமிடங்களில் திறந்துகொள்ளும்.

அதைத் திறக்கும் முக்கியமான புரதத்துக்கு என்எஃப்-கப்பா-பி என்று பெயர். 1986-ல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். சாதாரண நேரத்தில் இது, டிஎன்ஏ இருக்கும் செல்லின் கருவுக்கு வெளியிலேயே நிற்கும். ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் இதைப் பிடித்து வைத்திருக்கும். ஆபத்து என்ற செய்தி வந்ததும் ஐ-கப்பா-பி சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி கருவுக்குள் போய் டிஎன்ஏ-வில் உரிய இடங்களில் உட்கார்கிறது. டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்களுக்கான ஜீன்கள் வாசிக்கப்பட, வீக்கம், சூடு, வலி எல்லாம் கிளம்புகின்றன.

இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. என்எஃப்-கப்பா-பி உள்ளே போய் வாசிக்க வைக்கும் ஜீன்களில், தன்னைப் பிடித்து வைத்திருந்த ஐ-கப்பா-பி-யின் ஜீனும் ஒன்று. புதிதாக உருவான ஐ-கப்பா-பி கருவுக்குள் சென்று அதை மறுபடியும் வெளியே இழுத்து வந்துவிடுகிறது. அழற்சி தொடங்கும்போதே அதை அடக்கும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது என்று பொருள். அதோடு நிற்பதில்லை. ஜீனிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ செய்தி இருக்கும்வரை புரதம் உருவாகிக்கொண்டே இருக்கும் அல்லவா? டிஎன்எஃப்-இன் ஆர்என்ஏ-வைத் தேடிப் பிடித்து அழிப்பதற்கென்றே டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் இருக்கிறது. அதற்கான ஜீனை நீக்கிய எலிகள் உடல் மெலிந்து, மூட்டு அழற்சியும் வந்து வாடின. ஒரு செய்தியை நேரத்துக்கு அழிக்காததற்கே இவ்வளவு விளைவு.

ஆத்தாவின் விரல் மூட்டுகளில் நடப்பது, இந்த அடக்கும் ஏற்பாடு தோற்றுப்போவது. ஒரு செல் வெளியிடும் டிஎன்எஃப் பக்கத்துச் செல்லின் என்எஃப்-கப்பா-பி-யைத் தட்டி எழுப்புகிறது. அது இன்னும் டிஎன்எஃப் தருகிறது. மூட்டின் உள்சவ்வில் இருக்கும் செல்கள் நாளடைவில் இந்த நிலைக்கே பழகிவிடுகின்றன. டிஎன்ஏ-வின் எழுத்து மாறாவிட்டாலும் அதன்மேல் ஒட்டும் வேதிக் குறிகள் மாறிப்போகின்றன. அந்தச் செல்களை எடுத்து ஆய்வுக்கூடத்தில் தனியே வளர்த்தாலும் முரட்டுத்தனம் குறைவதில்லை. நாள் கடத்தாமல் வைத்தியம் தொடங்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். எலும்பு அரித்த பிறகு எந்த மருந்தாலும் பழைய விரலைத் தர முடியாது. கொட்டான் முடைகிற கைக்கு விரல்தானே எல்லாம்.

ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து கருவுக்குள் போகிறது. அங்கே என்எஃப்-கப்பா-பி-யின் வேலையைத் தடுக்கிறது. அழற்சியை அடக்கும் சில ஜீன்களை வாசிக்க வைக்கிறது. மருந்து உடலை விட்டுப் போனதும் அந்த விளைவும் போய்விடும், பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் குழுவினர் முதல்முதலாக முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் கொடுத்து, அவர் சில நாளில் எழுந்து நடந்ததைப் பார்த்தார்கள். 1950-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்பதும் விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஏறத்தாழ எல்லாச் செல்லிலும் அந்த ஏற்பி இருப்பதால் மூட்டுக்கு மட்டும் என்று மருந்தை அனுப்ப முடியாது. மெத்தோட்ரெக்ஸேட் வேறு வழியில் வேலை செய்கிறது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தாங்குவதற்குத்தான் ஸ்டீராய்டு. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருநாள் மருந்து என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வையுங்கள். தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சிரைப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உங்களுக்கும் தங்கைக்கும் வருமா? எச்எல்ஏ-டிஆர்பி1 என்ற ஜீனின் சில வகைகள் இருப்பவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் எல்லா ஜீனும் ஒன்றாகவே உள்ள ஒருகரு இரட்டையரில்கூட, ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நூற்றில் 15 பேருக்குத்தான். ஆயாவுக்குக் கோணியது நகத்தை ஒட்டிய கணுவா, நடுக்கணுவா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நகத்தை ஒட்டிய கணு என்றால் வயதான தேய்மானமாகவே இருந்திருக்கலாம். நீங்கள் சிகரெட், பீடி பிடிப்பவரானால் விட்டுவிடுங்கள். இந்த நோயைத் தூண்டும் வெளிக் காரணங்களில் நன்றாக நிரூபிக்கப்பட்டது புகைதான்.

குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையே இல்லை. ஆய்வுக்கூடச் செல்களில், மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்எஃப்-கப்பா-பி-யைத் தடுப்பது உண்மை. ஆனால் வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. அடர்த்தியான குர்குமின் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம், கல்லீரலைப் பாதித்ததுண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால்தான், அதைச் சாப்பிடுபவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை செய்கிறோம்.

சந்தைப் பொடிதான் எனக்குக் கவலை. பெயரும் சேர்மானமும் எழுதாமல் விற்கும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஆத்தாவுக்குச் சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்ததா? முகம் உப்பியதா? எத்தனை மாதம் சாப்பிட்டார்கள்? மீதிப் பொடி இருந்தால் பொட்டலத்தோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் இரண்டு மாத ஸ்டீராய்டு என்று நினைத்துத்தான் அளவைக் குறைக்கக் கணக்குப் போடுவார். உண்மையில் அது இன்னும் அதிக மாதமாக இருந்தால் இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும்.