முதல் செமஸ்டரில் இரண்டு அரியர்: டிசி வாங்க அவசரப்படாதீர்கள் அம்மா

அம்மா, பிளஸ் டூ கணக்கில் 91 வாங்கிய பையன் இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் கணக்கிலும் பைத்தான் புரோகிராமிங்கிலும் அரியர் வைத்துவிட்டான், ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, பேசாமல் டிசி வாங்கி பிஎஸ்சியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிஎஸ்சி மட்டமான படிப்பு என்பதால் சொல்லவில்லை. பயத்தில் எடுக்கிற முடிவு என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அரியர் இருக்கிறது என்பதற்காக யாரையும் அடுத்த செமஸ்டருக்குப் போகாமல் நிறுத்துவதில்லை. நிறுத்துவது வருகைப்பதிவுதான், 75 சதவீதத்தை அவன் விடவே கூடாது. இந்த இரண்டு பேப்பரையும் ஏப்ரல், மே தேர்வோடு சேர்த்து எழுதிவிடலாம். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பெரும்பாலானவை கேட்பது அந்த நேரத்தில் பாக்கி அரியர் இருக்கிறதா என்பதைத்தான். எப்போதுமே அரியர் இருந்திருக்கக் கூடாது என்று சொல்கிற கம்பெனிகளும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்காக முதல் வருடத்திலேயே படிப்பை விடுவது நியாயமில்லை.

சரி, 91 வாங்கியவன் எப்படித் தவறினான்? அவனுடைய பேப்பர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. முதல் யூனிட்டே ஐகன் வேல்யூ, அதாவது ஓர் அணிக்கு (மேட்ரிக்ஸுக்கு) உரிய சில சிறப்பு எண்களைக் கண்டுபிடிப்பது. ஒரு மூன்றுக்கு மூன்று அணியைக் கொடுப்பார்கள். மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்ட வேண்டும், அவற்றின் சிற்றணிக்கோவைகளைக் கூட்ட வேண்டும், அணிக்கோவை மதிப்பு காண வேண்டும், இந்த மூன்றையும் வைத்து ஒரு முப்படிச் சமன்பாடு எழுத வேண்டும். இதுவரை பையன்கள் வந்துவிடுகிறார்கள். அந்தச் சமன்பாட்டைத் தீர்க்கிற இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. 1 போட்டுப் பார், வரவில்லையா 2 போட்டுப் பார், பூஜ்யம் வந்ததும் தொகுமுறை வகுத்தல் போட்டு மற்ற இரண்டு மூலங்களை எடு. இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு! அது மறந்துபோனதால் மேலே இருக்கிற 16 மார்க் கணக்கு மொத்தமும் போகிறது. கால்குலஸ் யூனிட்டுகளிலும் இதே கதைதான். அங்கே தேவைப்படும் எல்லை, வகையிடல், தொகையிடல் அடிப்படை எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கின்றன. பல பள்ளிகளில் பிளஸ் ஒன்னை வேகமாக ஓட்டிவிட்டு பிளஸ் டூ புத்தகத்தையே திரும்பத் திரும்ப எழுத வைக்கிறார்கள். மார்க் வந்துவிடுகிறது, அடியில் ஓட்டை அப்படியே இருக்கிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு, ஏனென்றால் பழி கடைசியில் பையன் தலையில்தான் விழுகிறது.

அவன் தமிழ் வழியில் படித்தவன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிரை, நிரல், நேர்மாறு அணி, பகுதி வகைக்கெழு என்று எல்லாமே அவனுக்குத் தெரியும், ஆனால் வகுப்பில் ரோ, காலம் (column), இன்வர்ஸ், பார்ஷியல் டெரிவேட்டிவ் என்று ஓடும்போது தெரிந்த விஷயமே தெரியாத மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இடது பக்கம் பள்ளியில் படித்த சொல், வலது பக்கம் கல்லூரியில் சொல்கிற சொல் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பாதி பயம் போய்விடும்.

பைத்தானுக்கு வருவோம். அவன் பயாலஜி குரூப். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே பைத்தான் பார்த்துவிட்டு வந்தவனாக இருப்பான். அவனைப் பார்த்துத் தனக்கு மண்டை இல்லை என்று உங்கள் பையன் நினைப்பது தப்பு. புரோகிராமை மனப்பாடம் செய்வது அதைவிடப் பெரிய தப்பு. நட்சத்திரப் பிரமிடு வரைகிற சின்ன புரோகிராமை எடுத்துக்கொண்டு, லூப் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பேப்பரில் கட்டம் போட்டு எழுதட்டும். கம்ப்யூட்டரே வேண்டாம், பேனா போதும். தினம் ஒன்று.

இப்போது மார்க் கணக்கு, இது உங்கள் பையனுக்கு. தம்பி, நீ அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (அந்த ஆண்டின் பாடத்திட்ட, தேர்வு விதிகளில்) வருகிறவன் என்றால் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வில் 100க்கு 45 எடுத்தாக வேண்டும், அதோடு மொத்தம் 50 வர வேண்டும். 45 எடுத்தால் அது 60க்கு 27 ஆகும், அப்போது இன்டர்னலில் 23 இருந்தால்தான் பாஸ். உன் இன்டர்னல் 18 என்றால் தேர்வில் 54 எடுக்க வேண்டும். ஆகவே இந்த செமஸ்டர் பாடங்களில் அசைன்மென்ட்டைக் கடைசி நாளில் பார்த்து எழுதிக் கொடுக்காதே, இன்டர்னல் மார்க்கில் அதற்கும் பங்கு இருக்கிறது. கணக்கில் ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஒரு 16 மார்க்கும் இரண்டு 2 மார்க்கும். மூன்று யூனிட்டை முழுசாகப் பிடித்தாலே 60 மார்க் உன் எல்லைக்குள் வந்துவிடும். அப்புறம் மற்ற இரண்டில் 2 மார்க்குகளைச் சேர்த்துக்கொள். நீ தன்னாட்சிக் கல்லூரியில் இருந்தால் விதி வேறாக இருக்கலாம், ஆபீஸில் கேட்டுக்கொள்.

இந்த செமஸ்டரில் 'இன்ஜினியரிங் கிராபிக்ஸ்' வருகிறது, நிறையப் பேர் தடுமாறுகிற பேப்பர். புரொஜெக்‌ஷன், அதாவது ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் வரைவது, புரியவில்லையென்றால் ஒரு நோட்டைப் பாதி திறந்து, ஒரு அட்டை மேஜையில் கிடக்க, மற்றது நேராக நிற்கிற மாதிரி பிடி. கிடப்பது ஹெச்பி (கிடைத்தளம்), நிற்பது விபி (செங்குத்துத் தளம்), நடு மடிப்புதான் எக்ஸ்ஒய் கோடு. பென்சிலை அந்த மூலைக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, மேலே இருந்து ஒரு தரம், முன்னால் இருந்து ஒரு தரம் பார். நிற்கிற அட்டையைப் பின்பக்கமாகச் சாய்த்து நோட்டைத் தட்டையாக விரித்தால் எதிரே இருப்பதுதான் உன் டிராயிங் ஷீட். மேலே முன்தோற்றம், கீழே மேல்தோற்றம், ஏன் அப்படி என்பது அப்போது தெரியும்.

அம்மா, உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். சித்தப்பா பையனோடு இவனை ஒப்பிட்டு இந்த இரண்டு மாதம் வீட்டில் பேச வேண்டாம். விடைத்தாள் போட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு, இன்றே கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் கூடுமா என்பது அப்புறம். கணக்குப் பேப்பரில் ஒவ்வொரு கணக்கிலும் எந்த வரியில் கை நின்றது என்று அவனையே சிவப்புப் பேனாவில் வட்டம் போடச் சொல்லி, அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். பிளஸ் ஒன் புத்தகத்தில் எந்தப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் குறித்துத் தருகிறேன்.